வாலக்காவின் மெதுவான சுற்று

சின்ன வயதில் அவளை யாரும் வாலு என்று சொன்னதே இல்லை. மரம் ஏறியதில்லை, சுவர் குதித்ததில்லை. அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருப்பதே வாத்தியாருக்கு வருடக் கடைசியில்தான் தெரிய வரும். அப்படிப்பட்டவளுக்கு நாற்பது வயதில் வாலக்கா என்று பெயர் வந்தது. காரணம் குறும்பு அல்ல, உத்தியோகம்.

கடற்கரைக்குப் பின்னால் எழுந்து நிற்கும் மலையின் அடிவாரத்தில், சுற்றுலா வருகிறவர்களைக் குவாட் பைக்கில் காட்டுப் பாதைக்குக் கூட்டிப்போகிற கொட்டகை ஒன்று இருந்தது. குவாட் பைக் என்றால் நாலு தடிச் சக்கரம் வைத்த மோட்டார் சைக்கிள். நின்றால் உட்கார்ந்திருக்கும் தவளை மாதிரி இருக்கும், கிளம்பினால் அந்தத் தவளைக்குக் கோபம் வந்த மாதிரி இருக்கும். ஐந்தாறு வண்டிகள் வரிசையாகப் போகும். முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒரு வழிகாட்டி. பின்னால் போகிறவள் இவள். வரிசைக்கு வால்.

அதற்கு முன்பு பதினோரு வருடம் கடற்கரையில் இருந்த பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடித்தாள். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். எதிரெதிரே நின்று மூலைகளைப் பிடித்து, உதறி, நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி மடிக்க வேண்டும். எதிரே நின்றவள் ஓயாமல் பேசுவாள், இவள் ஓயாமல் கேட்பாள். ஜன்னல் இல்லாத அறை. வெளியே மழையா வெயிலா என்பது வேலை முடிந்து வந்தால்தான் தெரியும். பிறகு ஒருநாள், ஹோட்டலை இடித்துக் கட்டப்போகிறோம், இரண்டு வருடம் ஆகும் என்று சொல்லி எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்காரர் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவர். "கொஞ்ச நாள் வீட்ல சும்மா இரு. உடம்புக்கும் ஓய்வு வேணும்ல" என்றார். பத்தே நாளில் வீட்டில் இருந்த துணியெல்லாம் மூலைக்கு மூலை பொருந்தி மடிந்துவிட்டது. கைக்குட்டை, கரித்துணி உட்பட. காலையில் அவசரமாகப் பள்ளிக்குக் கிளம்பிய மகள், ஒரே அளவில் அடுக்கியிருந்த அடுக்குகளில் தன் சீருடை எது என்று தெரியாமல் அலமாரி முன்னால் நின்று, "அம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், எங்கயாவது வேலைக்குப் போம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

கொட்டகையில் கிடைத்தது கழுவுகிற வேலை. சுற்று முடிந்து வருகிறவர்கள் கழற்றிப் போடும் ஹெல்மெட், கண்ணாடி, மேலங்கி எல்லாவற்றிலும் சேறு அப்பியிருக்கும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் பஞ்சைத் தனியே உருவி அலசிக் கொடியில் போட வேண்டும். அது முடிந்தால் வண்டிகள். மண் எங்கே ஒளிந்துகொள்ளும் என்று ஒரே வாரத்தில் கண்டுபிடித்தாள். சக்கரத்தின் மேல்வளைவு, சீட்டுக்கு அடியில், கால் வைக்கிற தட்டின் பல்லுக்குள்.

கழுவிய வண்டியைக் குழாயடியிலிருந்து கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போவாள். அதைப் பார்த்துவிட்டு மெக்கானிக் ஒருநாள் கத்தினார்.

"ஏம்மா, முதுகு விட்டுப்போயிடும்! ஏறி உக்காந்து, வலது கட்டைவிரலுக்குப் பக்கத்துல ஒரு விசை இருக்கு பாருங்க, அத லேசா அமுக்குங்க. அதுவா போகும்."

ஏறி உட்கார்ந்து லேசாக அமுக்கினாள். போயிற்று. இருபது முப்பது அடி தூரம்தான். அன்று கழுவிய எட்டு வண்டிகளையும் அவளே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். கழுவ வேண்டிய அவசியமே இல்லாத இரண்டு வண்டிகளையும் கொண்டுவந்து கழுவினாள்.

அதற்குப் பிறகு காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே வேலைக்கு வர ஆரம்பித்தாள். கொட்டகைக்குப் பின்னால் பயிற்சிக்காக ஒரு வட்டப் பாதை உண்டு. மேடு ஒன்று, பள்ளம் ஒன்று, எட்டு போடுகிற மாதிரி வளைவு ஒன்று. யாரும் வருவதற்குள் நாலு சுற்று போய்விட்டு வண்டியைக் கழுவித் துடைத்து வைத்துவிடுவாள். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் போனதும், பின்வண்டிக்காரர் வேறு ஊருக்குப் போனபோது முதலாளியம்மா கூப்பிட்டுச் சொன்னாள்.

"திங்கக்கிழமைலேர்ந்து நீ பின்னால போ. எஞ்சின் சூடு தெரியாதுன்னு நெனச்சியா? தெனமும் காலைல வண்டியத் தொட்டுப் பாத்துட்டுத்தான் நான் ஆபீசுக்குள்ள போறேன்."

இப்படித்தான் அவள் வாலக்கா ஆனாள். பெயர் வைத்தது முன்வண்டித் தம்பி. முப்பது வயது, நல்ல குரல், வந்தவர்களை ஐந்து நிமிடத்தில் சிரிக்க வைத்துவிடுவான். கேள்விகள், புகைப்படங்கள், கைகுலுக்கல் எல்லாம் அவனுக்கு. புழுதியும் சேறும் இவளுக்கு. அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பின்னாலிருந்து பார்ப்பதில் ஒரு சுவாரசியம் இருந்தது. முகம் பொய் சொல்லும், முதுகு சொல்லாது என்பது அவள் கணக்கு. தோள்பட்டை காதுவரை ஏறிவிட்டதா, பயத்தில் விசையை இறுக்குகிறார்கள், இன்னும் கொஞ்ச தூரத்தில் புதரில் விடுவார்கள். முழங்கை உள்ளே ஒடுங்குகிறதா, போனை எடுக்கப் போகிறார்கள், விசில் ஊத வேண்டும். வளைவில் ஒரு கால் கீழே இறங்குகிறதா, மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள், பின்சக்கரம் அவர்கள் காலிலேயே ஏறிவிடும். மூன்று வருடத்தில் ஒருத்தருக்கும் எலும்பு முறிய விடவில்லை. ஒருத்தரையும் முந்தியதும் இல்லை. பின்வண்டி முந்தக் கூடாது என்பது சட்டம்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு வாரத்தில் அந்தத் தம்பதி வந்தார்கள். அவருக்கு அறுபது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தடித்த மூக்குக்கண்ணாடி. முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி, போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். இந்த விஷயத்தை அவர் சீட்டு வாங்கும் இடத்தில் ஒருமுறை, ஹெல்மெட் கொடுக்கும் இடத்தில் ஒருமுறை, யாரும் கேட்காமல் ஒருமுறை சொன்னார். மனைவி வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வரிசையாக நின்ற வண்டிகளை ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வந்த மற்றவர்கள் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் நாலு பேர், ஆளுக்கொரு வண்டி.

படிவத்தில் ஓட்டுபவர் என்று ஒரு கட்டம், உடன் வருபவர் என்று ஒரு கட்டம். தையலம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"நானும் ஓட்டலாங்களா?"

"முன்னாடி ஏதாவது வண்டி ஓட்டியிருக்கீங்களாம்மா?" என்றான் முன்வண்டித் தம்பி.

"இல்லப்பா. தையல் மெஷின்தான்."

அலுவலகக்காரர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான், கெட்ட எண்ணத்தில் அல்ல. பஸ் டிரைவர், "உனக்கெதுக்கு இந்த வம்பு? நான் இருக்கேன்ல, நிம்மதியா பின்னால உக்காந்து வேடிக்கை பாரு" என்று சொல்லிப் பேனாவை வாங்கிக்கொண்டார். அவர் சொன்னதில் அதட்டல் இல்லை, அன்புதான் இருந்தது. தையலம்மா உடன் வருபவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

பயிற்சி வட்டத்தில் ஓட்டுபவர்களை மட்டும்தான் விடுவார்கள். பஸ் டிரைவர் மூன்று சுற்றும் போய் வருகிறவரை தையலம்மா வேலிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தொடைமேல் கைப்பை, கைப்பைமேல் வலது கை, அந்தக் கையின் கட்டைவிரல் மட்டும் மெதுவாக அமுங்கி அமுங்கி எழுந்துகொண்டிருந்தது. வாலக்கா அதைப் பார்த்தாள். ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தாள். முன்னால் பேசுவது முன்வண்டிக்காரன் வேலை, நமக்கெதற்கு என்று ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு பின்னால் போய் நின்றுவிட்டாள். ஆனாலும் மனசு என்னவோ போல் இருந்தது.

வரிசை கிளம்பியது. ரப்பர்த் தோட்டம், மூங்கில் புதர், செம்மண் ஏற்றம். பஸ் டிரைவர் முதுகை நிமிர்த்தி, சந்தியில் திரும்புகிறவர் மாதிரி அகலமாக வளைத்து ஓட்டினார். எதிரே ஒரு ஈ காக்கை கிடையாது, இருந்தாலும் ஒவ்வொரு வளைவிலும் கை காட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த தையலம்மா இப்படியும் அப்படியும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருடைய முதுகு வாலக்காவுக்குப் பிடித்திருந்தது. வண்டி சாயும் பக்கம் பார்த்து, சொல்லாமலே உடம்பைக் கொடுக்கிற முதுகு.

பாதி வழியில் ஓர் ஆறு உண்டு. கோடையில் கணுக்கால் அளவு. அன்று மேலே மழை பெய்திருக்க வேண்டும், முழங்காலைத் தொட்டது. முன்வண்டித் தம்பி இறங்கி நடந்து பார்த்துவிட்டு, போகலாம் என்று கை காட்டினான். ஆற்றைக் கடக்க ஒரே விதிதான். விசையை ஒரே சீராக அமுக்கிக்கொண்டு, அக்கரையைப் பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. நாலு அலுவலகக்காரர்களும் கத்திக்கொண்டே கடந்து, மேட்டில் ஏறி வளைவுக்கு அப்பால் போய்விட்டார்கள்.

பஸ் டிரைவர் சரியாக நட்டாற்றில் நிறுத்தினார். தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததும் முப்பத்தோரு வருடப் பழக்கம் வேலை செய்துவிட்டது. பிரேக் பிடித்து, ஆழம் பார்க்கக் காலையும் கீழே ஊன்றினார். கல் வழுக்கியது. மனிதர் பக்கவாட்டில் சாய்ந்து, கைப்பிடியில் கட்டைவிரல் மாட்டி முறுக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தார். வண்டி இருமிவிட்டு நின்றது. மூக்குக்கண்ணாடி ஆற்றோடு போயிற்று.

வாலக்கா விசிலை ஊதிக்கொண்டே தண்ணீரில் இறங்கினாள். முதலில் மனிதர்கள். தையலம்மா அதற்குள் வண்டியிலிருந்து இறங்கி ஒரு கையால் கணவரின் சட்டைக் காலரையும் இன்னொரு கையால் வண்டியையும் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரையும் இக்கரைக்குக் கொண்டுவந்து கல்லில் உட்கார வைத்துவிட்டு, தன் வண்டியில் பட்டையைக் கட்டி அவர்கள் வண்டியை இழுத்துக் கரையேற்றினாள். திரும்பிப் பார்த்தபோது ஆற்றின் நடுவே இருந்த பெரிய கல் காணாமல் போயிருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

வாக்கி டாக்கியில் முன்வண்டித் தம்பி பதறினான்.

"அக்கா, நான் திரும்பி வரவா?"

"வராத தம்பி. ஆறு ஏறுது. அவங்கள பாலத்து வழியா கூட்டிட்டுப் போயிடு. வந்த வழியில ஓடையும் ஏறியிருக்கும், இவங்கள நான் மேல்பாதையில கொண்டு வரேன்."

"அந்த அண்ணன் ஓட்டுவாரா?"

அவள் பஸ் டிரைவரைப் பார்த்தாள். வலது கட்டைவிரல் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. கண்ணைச் சுருக்கி, எதிரே நின்ற மரத்திடம், "எனக்கு ஒண்ணும் ஆகலம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாத்துக்கறேன்" என்றாள் வாலக்கா.

சீட்டைக் கழற்றி, காற்றுப் பெட்டியிலிருந்த தண்ணீரைச் சாய்த்துக் கொட்டி, பஞ்சு வடிகட்டியைப் பிழிந்து, பிளக்கைத் துடைத்து மாட்டினாள். கழுவியே பழகியதால் எந்தத் திருகு எங்கே என்று பார்க்காமலே கை போயிற்று. நாலாவது முறை சாவியைத் திருப்பியபோது வண்டி புகையைக் கக்கிவிட்டு உயிர் பெற்றது. இனி யார் ஓட்டுவது என்பதுதான் பாக்கி. வலது கட்டைவிரல் இல்லாமல் விசையை அமுக்க முடியாது, கண்ணாடி இல்லாமல் வழி தெரியாது. வாலக்காவின் வண்டியிலோ பின்சீட்டே இல்லை, அந்த இடத்தில் கருவிப் பெட்டி. ஒவ்வொருவராகக் கொண்டுபோனால் இன்னொருவர் காட்டில் தனியே இருக்க வேண்டும். கொட்டகை ஜீப் மேல்பாதையில் ஏறாது, வந்த வழியிலும் ஓடை வடிந்தால்தான் வர முடியும், அதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். மழை வேறு தூறத் தொடங்கியது.

வாலக்கா தையலம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, உங்க தையல் மெஷின் மோட்டார் வெச்சதா?"

"ஆமா. கால்ல அமுக்குறது. எதுக்குக் கேக்குறீங்க?"

"காலரு தைக்கும்போது வளைவுல என்ன பண்ணுவீங்க?"

"வேகத்தக் கொறச்சு, துணிய மெதுவா திருப்பணும். கண்ணு ஊசி மேல இருக்கக் கூடாது, தையல் போகப்போற இடத்து மேல இருக்கணும். நடுவுல நிறுத்தினா கோணிக்கும்."

"அவ்வளவுதான். இங்க காலுக்குப் பதிலா கட்டைவிரல். ஏறுங்க."

பஸ் டிரைவர் எழுந்தே நின்றுவிட்டார். "இவளா? ஏம்மா, இவ சைக்கிள் கூட ஓட்டினதில்ல!"

"நீங்க எங்க ஓட்ட விட்டீங்க?" என்றார் தையலம்மா. சண்டைக்குச் சொன்னது போலத் தெரியவில்லை. சொல்லிவிட்டுக் கைப்பையைக் கணவரிடம் கொடுத்தார். அவர் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

ஆற்றங்கரையின் மணல் திட்டிலேயே ஏழெட்டுச் சுற்று விட்டாள் வாலக்கா. முதல் சுற்றில் வண்டி தவளைபோலத் துள்ளியது. மூன்றாவதில் நடந்தது. ஐந்தாவதில் தையலம்மாவின் தோள் கீழே இறங்கியது. வாலக்கா காத்திருந்ததே அதற்குத்தான். பஸ் டிரைவரைப் பின்னால் ஏற்றி, நல்ல கையால் கம்பியைப் பிடிக்கச் சொன்னாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. வழி காட்ட ஆள் வேண்டும். அவள் முன்னால் போக வேண்டும். மூன்று வருடத்தில் முதல்முறையாக, முன்னே வேறொருவர் முதுகு இல்லாத பாதை. கழுத்து வலிக்கிற அளவு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். பின்னாலிருந்து பேச்சு மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தது.

"கியரக் கொற, கியரக் கொற!"

"கியரே இல்லீங்க இதுல."

"அப்ப பிரேக்க மிதி!"

"பிரேக் கையில இருக்கு. நீங்க எத மிதிக்கிறீங்க?"

பஸ் டிரைவரின் வலது கால், இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, கால்தட்டில் டக் டக்கென்று தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அரை மைல் போனதும் தாளம் நின்றது. வாலக்கா கலவரத்தோடு திரும்பினாள். அவர் கைப்பையைக் கட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு வந்தார். பச்சையாக என்னமோ போகிறது என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் யாரிடமோ. "ரோட்டத் தவிர வேற எதையும் நான் பாத்ததே இல்ல."

கடைசியில் ஓர் இறக்கம். வழுக்குப் பாறையும் களிமண்ணும் கலந்தது. பழகியவர்களே பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கும் இடம். வாலக்கா வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள்.

"ரெண்டு பேரும் இறங்கிடுங்க. நடந்து வாங்க. உங்க வண்டிய நானே கீழ கொண்டுபோயிடறேன்."

தையலம்மா இறக்கத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சேறு தெறித்த கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"வேணாங்க. நீங்க முன்னால போங்க. உங்க முதுக மட்டும் எனக்குத் தெரியற மாதிரி வெச்சுக்கோங்க, போதும்."

"அப்ப நானாவது இறங்கிக்கறேன்" என்றார் பஸ் டிரைவர்.

"உக்காருங்க. பின்னால வெயிட்டு வேணும்."

வாலக்கா முன்னால் இறங்கினாள். இந்தமுறை திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முதுகு கோணும், முதுகு கோணினால் பின்னால் வருகிற கை கோணும். எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே போனாள். ஒரே சீராக வந்தது. நடுவில் சக்கரம் ஒரு முழம் வழுக்கிய சத்தம் கேட்டது, அப்போதும் கழுத்தைத் திருப்பவில்லை. பிறகு மறுபடியும் அதே சீர். கீழே சமதளம் வந்ததும்தான் நிறுத்தித் திரும்பினாள். தையலம்மா வாயைத் திறந்துகொண்டு சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பஸ் டிரைவர் கண்ணை இறுக்க மூடியிருந்தார்.

"வந்தாச்சா?"

"வந்தாச்சு. கண்ணத் திறங்க."

அவர் கண்ணைத் திறந்து, ஒரு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு, வண்டியின் பக்கவாட்டில் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். "போலாம், ரைட்!" என்றார். "முப்பத்தோரு வருஷமா எவனாவது பின்னாலேர்ந்து எனக்குச் சொல்லிட்டிருந்தான். இன்னிக்கு நான் சொல்லிப் பாத்தேன்."

கொட்டகையில் முதலாளியம்மா குடையோடு வாசலிலேயே நின்றிருந்தாள். வண்டி உள்ளே நுழைந்ததும், ஓட்டுகிறவர் யார் என்று பார்த்ததும், முகம் மாறியது. பஸ் டிரைவரின் விரலுக்குக் கட்டுப்போட வைத்து, இருவருக்கும் டீ கொடுத்து, துண்டு கொடுத்து, தங்கியிருந்த விடுதிக்கு அனுப்பிவிட்டு வாலக்காவை ஆபீசுக்குள் கூப்பிட்டாள்.

"பயிற்சி எடுக்காத ஆள ஓட்ட விட்டிருக்க. விதி தெரியும்ல?"

"தெரியும்மா. எடுக்க விடாததுதான் தப்பு."

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. அந்த ஆபீசில் அவள் சரிம்மா, ஆகட்டும்மா என்பதைத் தவிர வேறு வாக்கியம் பேசியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. காலையில் அந்த அம்மா கேட்டதை, பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை, தான் பார்த்தும் வாயைத் திறக்காததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தாளாம். முதலாளியம்மா கேட்டுக்கொண்டே மேஜையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"இறக்கத்துல எப்படி வந்தாங்க?"

"தையல் விட்ட மாதிரி வந்தாங்கம்மா."

"சரி, போ. துணி மாத்து. ஜுரம் வந்துடப் போகுது."

மறுநாள் காலை தம்பதி மறுபடியும் வந்தார்கள். ஊருக்குத் திரும்பும் நாள் அது. பஸ் டிரைவர் சுற்றுக்கு வரவில்லை, வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன் என்றார். தையலம்மா நேரே மேஜைக்குப் போய், புதிய படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கினார். பயிற்சி வட்டம் மட்டும் போதும், முறைப்படி செய்ய வேண்டும் என்றார். ஓட்டுபவர் என்ற கட்டத்தில் முழுப் பெயரையும் எழுதி, பள்ளிச் சீருடையில் பெயர் தைப்பது போல ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். பஸ் டிரைவர் வேலியோரப் பெஞ்சில் கைப்பையோடு உட்கார்ந்தார். மேடு, பள்ளம், எட்டு வளைவு எல்லாவற்றையும் மூன்று முறை சுற்றிவிட்டுத் தையலம்மா இறங்கியபோது, முன்வண்டித் தம்பிதான் முதலில் கை தட்டினான். முதலாளியம்மா ஆபீஸ் ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் வாலக்கா தானாகவே ஆபீஸ் கதவைத் தட்டினாள். இரண்டு நாளில் இரண்டாவது முறை வாக்கியம் பேசினாள். வாரத்தில் ஒருநாள், எந்த வண்டியும் ஓட்டியே இராதவர்களுக்கு மட்டும் ஒரு சுற்று. ஆறு வேண்டாம், வழுக்குப் பாறை வேண்டாம். தோட்டப் பாதையில் மெதுவாகப் போய், மலைமுகட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதே வழியில் திரும்பலாம்.

"நத்தைச் சுற்றா?" என்று வாசலில் நின்றபடி சிரித்தான் முன்வண்டித் தம்பி.

"யாரு வருவாங்க அதுக்கு?" என்றாள் முதலாளியம்மா.

"இதுவரைக்கும் பின்னால உக்காந்துட்டு வந்தவங்களம்மா. மூணு வருஷமா அவங்க முதுகத்தான் பாத்துட்டு வரேன்."

புதன்கிழமைக் காலை என்று முடிவாயிற்று. முதல் புதன் யாரும் வரவில்லை. இரண்டாவது புதன் மழை. மூன்றாவது புதன் இரண்டு பேர் வந்தார்கள், ஒரு பல் டாக்டரும் அவருடைய அத்தையும். அத்தை நன்றாக ஓட்டினார், பல் டாக்டர் இரண்டுமுறை புதரில் விட்டார். அதற்கப்புறம் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. பள்ளி ஆசிரியைகள் சேர்ந்து வந்தார்கள். மனைவியை அனுப்பிவிட்டு வேலியருகே நகம் கடித்தபடி நிற்கும் கணவர்களுக்காக இன்னொரு பெஞ்சு போட வேண்டியதாயிற்று. புதன்கிழமைகளில் மட்டும் வாலக்கா முன்னால் போவாள், முன்வண்டித் தம்பி பின்னால் வருவான். மெதுவாகப் போவது எவ்வளவு கஷ்டம் என்று முதல் மாதம் முழுக்கப் புலம்பினான். இப்போது அவனே நாலு முதுகைப் பார்த்து நாலு சேதி சொல்கிறான். இரண்டு வருடம் என்று சொன்ன ஹோட்டலை ஒருவழியாகக் கட்டி முடித்துச் சலவைப் பிரிவிலிருந்து ஆள் அனுப்பினார்கள். இவள் டீ கொடுத்து உபசரித்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காரர் மட்டும் வெகுநாள் நழுவிக்கொண்டே இருந்தார். "எனக்குத் தண்ணி மேலதான் பழக்கம், எதுக்கு இந்த வயசுல" என்பார். போன மாதம் படகு பழுது பார்க்கும் வேலை நடந்ததால் துறைக்கு இரண்டு நாள் விடுமுறை. அதில் ஒருநாள் புதன். மகள்தான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனாள்.

டிக்கெட் கிழிப்பவர் ஹெல்மெட்டை முதலில் முன்பின்னாக மாட்டினார். பயிற்சி வட்டத்தில் மற்றவர்கள் மூன்று சுற்று முடிப்பதற்குள் இவர் ஒன்று முடித்தார். பாதையில் எதிரே வந்த மாட்டுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றவர், மாடும் வழிவிட்டு நின்றதால், யார் முதலில் போவது என்று தெரியாமல் பத்து நிமிடம் நின்றார். "அந்த அண்ணன் மாடுகிட்ட டிக்கெட் கேக்குறார் போல" என்று வாக்கி டாக்கியில் சொன்னான் பின்னால் வந்த தம்பி. வாலக்கா முன்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

முகட்டுக்கு வந்ததும் எல்லாரும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் மட்டும் வண்டியில் உட்கார்ந்தபடியே கீழே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாகத் தான் நின்று டிக்கெட் கிழிக்கிற துறை, தீப்பெட்டி அளவில் கிடந்தது. அதற்கு அப்பால் கடல் இத்தனை நிறத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. துறையிலிருந்து பார்த்தால் அது வெறும் சாம்பல்.

"நம்ம வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி இடுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். கையை நீட்டி, தண்ணீர்த் தொட்டிக்கு இடப்பக்கம், தென்னைக்கு இந்தப் பக்கம் என்று காட்டினாள். அவர் தலையை அவள் கைக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார்.

"மொட்டை மாடியில துணி காயுதே, அதுவா?"

"அதேதான்."

"தூறல் வர மாதிரி இருக்கே."

"வரட்டும்" என்றாள். "இன்னும் அஞ்சு நிமிஷம் பாருங்க."